விரிசலும் ஒரு சாட்சி
டாலஸில் இருக்கும் என் மைத்துனர் அனுப்பிய படங்களைப் பார்த்துத் திடுக்கிட்டேன்: அஸ்திவார விரிசல், ஓதம் பூத்த சுவர், சாத்த மறுக்கும் கதவு. கிரகப்பிரவேசத்தன்று இதே சுவரைத் தடவித் தடவிக் காட்டியவர்! விசாரித்தால், சொத்து வரி மதிப்பீட்டை எதிர்த்து மறுஆய்வு வாரியத்தின் முன் வைக்கும் ஆதாரமாம். டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. அந்தச் சந்தோஷத்தை வீட்டு வரி வந்து சரிக்கட்டிவிடுகிறது. வீட்டுக்காரரே தன் வீட்டை மட்டம் தட்டும் பருவம் இது. (விற்கும்போது வேறு ஆல்பம் வரும், அது கிடக்கட்டும்.) அங்கிருக்கும் வாசகர்களே, விரிசல் படம் மட்டும் போதாது, ரிப்பேருக்கான எஸ்டிமேட்டையும், பக்கத்து வீடுகளுக்குப் போட்ட மதிப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். எதிர்ப்பு மனு கொடுக்கக் கெடு பொதுவாக மே 15.