தொடர் காத்தல்: கட்டற்ற மென்பொருள் தமிழாக்கமும் தமிழ்த்துறைகளும்

கணினித் தமிழ் குறித்துத் தமிழ்த்துறைகளிலிருந்து வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் கலைச்சொல்லில் தொடங்கிக் கலைச்சொல்லிலேயே முடிகின்றன. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடு காண்பது, வழங்கும் ஈடுகளை ஒப்பிடுவது, அவற்றுள் ஒன்றைப் பரிந்துரைப்பது என்னும் எல்லையை அவை தாண்டுவதில்லை. ஆக்கிய சொல் எந்தத் தொடரில் அமர்கிறது, அத்தொடரை ஆண்டுதோறும் யார் காக்கின்றனர் என்னும் வினாக்கள் எழுவதே அரிது. கட்டற்ற மென்பொருள்களின் தமிழாக்கத்தை உற்றுநோக்குவோர்க்கு இக்குறை உடனே புலப்படும்.

கேடிஈ, குனோம், டெபியன், பயர்பாக்ஸ், லிப்ரெஆபிஸ் ஆகியவற்றின் தமிழ் வடிவங்களில் பெரும்பங்கு தன்னார்வலர்களின் உழைப்பு. அவர்களுள் பலர் பொறியாளர்கள். தமிழை முறையாகப் பயின்றோர் சிலரே. இவ்வுழைப்பின் பயன் சிறு வட்டத்துக்குள் அடங்கியதும் அன்று. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதற்கட்டக் கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றது. சி-டாக் உருவாக்கிய பாஸ், டெபியனை அடித்தளமாகக் கொண்டது. ஆதலின் தன்னார்வலர் எழுதிய தொடர்களும் அதன் தமிழ்த் திரையில் கலந்திருந்தன. கொடுங்கையூரிலோ எண்ணூரிலோ தம் வீட்டில் முதன்முதலாகக் கணினியைத் தொட்ட ஒரு மாணவருக்கு, அத்திரையின் ஒரு வரி தமிழிலும் அடுத்த வரி ஆங்கிலத்திலும் இருப்பது அழகியல் குறை மட்டுமன்று. எந்த வரியில் தமிழ் நின்றுவிடுகிறதோ அந்த வரியோடு அவருடைய துணிவும் நின்றுவிடக்கூடும்.

திரை அவ்வாறு கலப்பாவதற்குக் காரணம் உண்டு. கெட்டெக்ஸ்ட் முறையில் ஒவ்வோர் ஆங்கிலத் தொடருக்கும் எதிரே அதன் தமிழ்த் தொடர் கோப்பில் எழுதப்படுகிறது. புதிய பதிப்பில் மூல ஆசிரியர் ஆங்கிலத் தொடரில் ஒரு சொல்லை மாற்றினால், பழைய தமிழ்த் தொடர் ‘ஐயத்திற்குரியது’ எனக் குறிக்கப்படுகிறது. ஒருவர் மீண்டும் படித்து ஒப்பும்வரை அது பயன்படுத்தப்படுவதில்லை. திரையில் ஆங்கிலமே தோன்றும். எனவே ஒருமுறை முழுமையாகச் செய்த தமிழாக்கமும் கைவிடப்பட்டால் பதிப்புக்குப் பதிப்பு தேய்கிறது. குனோம் திட்டம் தன் வெளியீட்டுக் குறிப்புகளில் 80 விழுக்காடு தொடர்களேனும் பெயர்க்கப்பட்ட மொழியையே ஆதரவுபெற்ற மொழியாகக் கணக்கிட்டு வந்தது. அந்த அளவை எட்டுவதைவிட அதில் நிலைத்திருப்பதே கடினம்.

இதனை வெறும் தொழில்நுட்பப் பணி என ஒதுக்குவோர் அத்தொடர்களைப் படித்துப் பார்த்திலர் போலும். ஒரு கோப்பை நீக்கலாமா எனக் கணினி வினவும் தொடரில், கோப்பின் பெயர் வரவேண்டிய இடம் வெற்றிடமாக விடப்பட்டிருக்கும். அங்கு வரும் பெயர் எவ்வெழுத்தில் முடியும் என்பது மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாது. பெயர் ‘மரம்’ எனின் அத்துச் சாரியை பெற்று ‘மரத்தை’ ஆக வேண்டும். ‘ஆறு’ எனின் ஒற்று இரட்டித்து ‘ஆற்றை’ ஆக வேண்டும். எந்திரம் இவற்றை அறியாது. வெற்றிடத்தை அடுத்து ‘ஐ’ உருபைத் தனியே நிறுத்தினால் ‘மரம் ஐ நீக்கவா?’ என்னும் சிதைவே எஞ்சும். தன்னார்வலர் சிலர் ‘மரம் என்பதை நீக்கவா?’ என எழுதி இதனைக் கடந்தனர். உருபு பெயரை விட்டு ‘என்பது’ என்னும் சொல்லின்மேல் ஏறுகிறது. பெயர் எவ்வீற்றதாயினும் புணர்ச்சி மாறுவதில்லை. பெயருக்கும் உருபுக்கும் இடையே நின்று இசைவிக்கும் இச்சொல்லின் பணி, தொல்காப்பிய உருபியல் விரித்துரைக்கும் சாரியையின் பணியோடு ஒப்புநோக்கத்தக்கது. இத்தீர்வைக் கண்டோர் இலக்கண மாணவர் அல்லர் என்பது வியப்புக்குரியது. தமிழ்த்துறைகள் சற்று நாணவும் வேண்டியது.

எண்ணிக்கைத் தொடர்களிலும் இத்தகைய சிக்கல் உண்டு. தமிழுக்கு ஆங்கிலத்தைப் போன்றே ஒருமை, பன்மை என இரு வடிவங்கள் கோப்பில் வகுக்கப்பட்டுள்ளன. அஃறிணைப் பெயரில் ‘கள்’ விகுதி கட்டாயமன்று என்பதும், ‘பத்து மரம்’ என்பது வழுவன்று என்பதும் மரபிலக்கணம் அறிந்தோர்க்குத் தெரிந்தவை. ஆயினும் ஆங்கில வாய்பாட்டை ஏற்றதால் ‘0 கோப்புகள்’ என்னும் வடிவம் வழக்காகிவிட்டது. இது மாற்றத்தக்கதா என்பதை ஆராய்ந்து முடிவு கூற வேண்டியவர் யார்? பொத்தான்களில் ‘சேமி’ என ஏவலாக எழுதுவதா, ‘சேமிக்க’ என வியங்கோளாக எழுதுவதா என்பதும் தீராத வழக்கே.

தமிழ்ப் புலமையுலகம் பராமரிப்பின் அருமையை அறியாததன்று. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்ததோடு நின்றுவிடவில்லை; இருபது ஆண்டுகள் கழித்து, 1907-இல் திருத்திய பதிப்பை வெளியிட்டார். கிடைத்த புதிய சான்றுகளுக்கேற்பத் தம் பாடத்தைத் தாமே திருத்துவதைப் பதிப்பாசிரியக் கடமையாகப் போற்றும் துறைகள், அதே இயல்புடைய உழைப்பைக் கணினித் திரையில் காணும்போது மட்டும் எழுத்தர் வேலையாகக் கருதுவது முரண். புதிய சொல் ஆக்கியோர்க்குக் கருத்தரங்கில் மேடை கிடைக்கிறது. மூவாயிரம் தொடர்களை ஆண்டுதோறும் மீண்டும் படித்துச் செம்மையாக்குவோர்க்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

எந்திர மொழிபெயர்ப்பு வந்துவிட்ட பின் இவ்வுழைப்பு எதற்கு என்னும் வினா இன்று எழுகிறது. ‘ஓப்பன்’ என ஒற்றைச் சொல்லாக நிற்கும் பொத்தானுக்கு ‘திற’ என்பதா, ‘திறந்துள்ளது’ என்பதா என்பதை அச்சொல் தோன்றும் இடத்தைக் கண்டே தீர்மானிக்க முடியும். எந்திரம் தரும் வரைவையும் ஒருவர் அவ்விடத்தில் வைத்துப் படித்தாக வேண்டும்.

இதனினும் வலுவான தடை வேறு: மாணவரை ஊதியமற்ற உழைப்பில் ஈடுபடுத்துவதாக இது முடியாதா? முடியக்கூடும். மதிப்பெண்ணும் நெறியாளரின் பொறுப்பும் இணையாமல் ‘தொண்டு’ என்னும் பெயரில் திணிக்கப்படின் அவ்வாறே முடியும். ஆகவே முதுகலை ஆய்வேட்டுக்கு மாற்றாக, ஒரு மென்பொருளின் தமிழ்க் கோப்பை ஓராண்டு பேணுவதையும் மாற்றங்களுக்கு இலக்கண விளக்கம் எழுதுவதையும் ஏற்கலாம். யார், எந்த நாளில், எத்தொடரை மாற்றினார் என்பது மென்பொருளின் பதிப்பு வரலாற்றில் வரிவரியாகப் பதிவாகிறது. மாணவரின் பங்களிப்பை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் சான்று வழக்கமான ஆய்வேடுகளில்கூடத் தேர்வாளருக்குக் கிடைப்பதில்லை.