ஹெட்போன் வாங்கும்போதும் நாம் வணிகர்களே!

துவரம் பருப்பு மூட்டை வந்து இறங்கியதும் நாம் என்ன செய்கிறோம்? குத்தூசி விட்டு மாதிரி எடுக்கிறோம். உள்ளங்கையில் கொட்டி நிறம் பார்க்கிறோம். ஒன்றிரண்டைப் பல்லில் கடித்து ஈரம் பார்க்கிறோம். சாக்கின் மேல் அச்சடித்த படத்தைப் பார்த்து எந்த வணிகரும் பணம் எண்ணிக் கொடுப்பதில்லை. அதே வணிகர் தம் வீட்டுக்கு ஒரு ஹெட்போன் வாங்கும்போது மட்டும் பெட்டியின் படத்தையும், கொட்டை எழுத்தில் போட்ட தள்ளுபடியையும் பார்த்தே வாங்கிவிடுகிறார். ஆறு மாதத்தில் ஒரு பக்கம் பாட்டு நின்றுவிடுகிறது. "எலெக்ட்ரானிக் சாமானே இப்படித்தான்" என்று அலுத்துக்கொண்டு அடுத்ததை வாங்குகிறார். சரக்கைப் பார்த்து வாங்கும் பழக்கத்தை அந்த ஒரு கொள்முதலில் மட்டும் கைவிடுவது ஏன் என்பதே என் கேள்வி.

மளிகை வணிகருக்கும் ஹெட்போனுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வருகிறோம். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அரை மணி நேரம் பழைய பாட்டோ கச்சேரியோ கேட்டால்தான் நாள் முடிந்ததாகத் தோன்றுகிறது. கொள்முதலுக்காக இரவுப் பேருந்தில் வெளியூர் போகிறோம். பிள்ளைகளும் பாடம் கேட்க ஹெட்போன் கேட்கிறார்கள். ஆகவே இது இன்று பல குடும்பங்களில் அவசியச் சாமானாகிவிட்டது. காதுக்குள் செருகும் சிறிய வகையை விட்டுவிட்டு, காது முழுவதையும் மூடி உட்காரும் பெரிய வகையைப் பற்றி மட்டும் இங்கே பேசுவோம்.

முதலில் எங்கே கேட்கப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். பெரிய ஹெட்போனில் இரண்டு வகை உண்டு. வெளிப்புறம் கெட்டியாக அடைத்திருப்பது மூடிய வகை. வெளிப்புறம் வலை போலத் துளையிட்டிருப்பது திறந்த வகை. 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்ற மாடலின் மூலம் திறந்த வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. திறந்த வகையில் பாட்டு காற்றோட்டமாக, எதிரே அமர்ந்து கேட்பது போல இருக்கும். காதும் அதிகம் வியர்க்காது. ஆனால் வெளிச் சத்தம் உள்ளே வரும். உள் சத்தம் வெளியே போகும். அமைதியான வீட்டுக்கு அது சரி. பேருந்துக்கும் கடைத்தெருவுக்கும் அது ஆகாது. வீடு, வெளி இரண்டுக்கும் ஒன்றே வாங்குவதானால் மூடிய வகையைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

அடுத்து, பெட்டியின் மேலுள்ள எண்கள். "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்று ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் போட்டிருக்கும். அது மனிதக் காது கேட்கக்கூடிய எல்லை. அந்த எல்லைக்குள் ஒலி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று சொல்லாமல் இந்த எண்ணை மட்டும் போடுவது, எடை போடாத மூட்டைக்கு "முழு மூட்டை" என்று சீட்டு ஒட்டுவதற்குச் சமம். "50 மி.மீ. டிரைவர்" என்பதும் உள்ளே இருக்கும் ஒலித்தகட்டின் அளவைத்தான் சொல்கிறது, அதன் தரத்தைச் சொல்லாது. 40 மி.மீ. கொண்ட நல்ல ஹெட்போன்கள் எத்தனையோ உண்டு.

கவனிக்க வேண்டிய எண் ஒன்று இருக்கிறது. அது ஓம் கணக்கு, அதாவது மின் தடை. போனில் நேரடியாகச் சொருகிக் கேட்க 16 முதல் 64 ஓம் வரை உள்ளவை பொதுவாகப் போதும். 250, 300 ஓம் உள்ளவை ஸ்டுடியோவுக்கும், தனி ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்கும் உரியவை. பயர்டைனமிக் நிறுவனத்தின் டி.டி. 770 ப்ரோ என்ற ஒரே மாடல் 32, 80, 250 ஓம் என மூன்று விதமாக வந்திருக்கிறது. பெயரைப் பார்த்து 250 ஓம் வாங்கி வந்து போனில் சொருகினால் சத்தம் போதாது. குற்றம் சரக்கில் இல்லை. ரகம் மாறிவிட்டது, அவ்வளவுதான். பொன்னி வாங்கப் போய் இட்லி அரிசி வாங்கி வந்தது போல.

இன்று பல போன்களில் பழைய வட்ட ஜாக்கே இல்லை. டைப்-சி இணைப்பு வயர் ஒன்று தனியாக வாங்க வேண்டியிருக்கிறது. அதிலும் இரண்டு விதம் உண்டு. ஒலியை மாற்றித் தரும் சிப் உள்ளே இருப்பது ஒன்று. வெறும் வயர் மட்டும் இருப்பது மற்றொன்று. இரண்டாவது வகை எல்லாப் போனிலும் வேலை செய்யாது. உங்கள் போனிலேயே சொருகிப் பார்த்துப் பணம் கொடுங்கள்.

இனி நான் முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். ஹெட்போனில் ஒலித்தகடு அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. முதலில் போவது வயர்; பெரும்பாலும் பின் சேரும் இடத்தில் மடிந்து உள்ளுக்குள் அறுந்துவிடும். அடுத்துப் போவது காது மெத்தை. நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் ரெக்சின் மெத்தை இரண்டு மூன்று கோடைக்குள் வெடித்துக் கறுப்புத் தூளாக உதிரும். ஆகவே விலை குறைந்த ஹெட்போன் எது என்று கேட்பதற்கு முன்னால், மெத்தையும் வயரும் தனியாகக் கிடைக்கும் ஹெட்போன் எது என்று கேட்க வேண்டும்.

அதற்கு வணிகருக்குத் தெரிந்த ஒரு வழி உண்டு. வருடக் கணக்காக மாடல் மாறாமல் ஓடும் சரக்குக்குத்தான் உதிரிபாகம் கிடைக்கும். சோனியின் எம்.டி.ஆர். 7506 என்ற ஹெட்போன் 1991-ல் வந்தது. ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்றும் பயன்படுகிறது. அதன் மெத்தையைப் பல நிறுவனங்கள் தயாரித்து விற்கின்றன. ஏ.கே.ஜி.யின் கே 240 வரிசை 1970-களில் தொடங்கியது. இப்போதைய ஸ்டுடியோ மாடலில் வயரைக் கழற்றி மாற்றலாம். ஆடியோ டெக்னிகாவின் எம் 20 எக்ஸ் விலை குறைவு, ஆனால் வயர் நிலையானது. அதற்கு மேல் ரகமான எம் 40 எக்ஸில் வயர் கழலும். எல்லோரும் இவற்றையே வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பட்ஜெட்டுக்குள் வராமலும் போகலாம். எந்தக் கம்பெனியானாலும் இந்தக் குணம் இருக்கிறதா என்று பாருங்கள் என்பதற்காகவே சொல்கிறேன். வருடத்துக்கு நான்கு முறை பெயரும் நிறமும் மாற்றும் கம்பெனியின் சரக்குக்கு மெத்தை தேடினால் கிடைக்காது.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். 900 ரூபாய் ஹெட்போன் வருடத்துக்கு ஒன்று என்றால் ஆறு வருடத்தில் 5,400 ரூபாய். 3,500 ரூபாய்க்கு ஒன்று வாங்கி, இடையில் இரண்டு முறை மெத்தைக்கும் ஒரு முறை வயருக்குமாக 1,500 ரூபாய் செலவழித்தால் 5,000 ரூபாய். ஆறு வருடமும் நல்ல பாட்டு, குப்பையில் போட ஒன்றும் இல்லை. அடக்கவிலை என்பது வாங்கும் அன்று கொடுக்கும் பணம் மட்டுமல்ல என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வயர் இல்லாத புளூடூத் வகை பயணத்துக்குச் சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் உயிர் உள்ளே இருக்கும் பேட்டரியில் இருக்கிறது. சார்ஜ் ஏறி இறங்க இறங்க அதன் சக்தி குறையும். பல மாடல்களில் அதை எளிதாக மாற்றவும் முடியாது. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், பேட்டரி தீர்ந்த பிறகும் வயர் போட்டுக் கேட்கக்கூடிய மாடலாகப் பாருங்கள். அதையும் கடையிலேயே அணைத்து வைத்துச் சோதித்துவிடுங்கள்.

போலிச் சரக்கு பற்றியும் சொல்ல வேண்டும். பொட்டலப் பொருள் விதிகளை வைத்து நம் கடைகளில் அதிகாரிகள் சோதனை போடுகிறார்கள். ஒரு சிறு பொட்டலத்தில் மாதம், வருடம் விட்டுப்போனாலும் அபராதம் கட்டுகிறோம். அதே விதிகள் ஹெட்போன் பெட்டிக்கும் உண்டு. தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டுச் சரக்கு, மாதம், வருடம், வரிகள் உட்பட அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும். இவை இல்லாத பெட்டியைக் கையால் தொடாதீர்கள். வயர் இல்லாத ஹெட்போனுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவும் உண்டு. 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். பில் கேட்டு வாங்குங்கள்; பில் இல்லாமல் வாரண்டி இல்லை. சொந்த உபயோகத்துக்கு வாங்கியதைக் கடை ஜி.எஸ்.டி. எண்ணில் போட்டு வரி வரவு எடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

எங்கே வாங்குவது? ஆன்லைன் வியாபாரம் நம் பிழைப்பைக் கெடுக்கிறது என்று கூட்டம்தோறும் பேசுகிறோம். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து போனிலேயே ஹெட்போனுக்கு ஆர்டர் போட்டால், நம் வாடிக்கையாளரைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? அனுதாபத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஹெட்போன் தலையில் மாட்டிப் பார்த்து வாங்க வேண்டிய பொருள். கண்ணாடி போடுகிறவருக்கு மெத்தை அழுத்தினால் கண்ணாடிக் காம்பு உறுத்தும். கால் கிலோவுக்கு மேல் எடையிருந்தால் ஒரு மணி நேரத்தில் கழுத்து சொல்லிவிடும். படத்தைப் பார்த்து இதெல்லாம் தெரியுமா? சென்னையில் ரிச்சி தெரு போன்ற இடங்கள் இருக்கின்றன. மற்ற ஊர்களிலும் நல்ல எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கின்றன.

அதே சமயம் அந்தக் கடைக்காரச் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரகத்துக்கு ஒன்று பெட்டியைப் பிரித்து மாதிரிக்கு வையுங்கள். "பிரித்தால் வாங்கித்தான் ஆக வேண்டும்" என்று சொல்லாதீர்கள். மெத்தையும் வயரும் ஸ்டாக் வையுங்கள். கேட்டுப் பார்த்து வாங்கும் வசதியைத் தரும்போதுதான் உள்ளூர்க் கடைக்கு மதிப்பு. அந்த வசதியையும் தராவிட்டால் வாடிக்கையாளர் போனைத் தேடிப் போவதைத் தடுக்க முடியாது.

கடையில் எப்படிச் சோதிப்பது? அவர்கள் போடும் அதிரடிப் பாட்டைக் கேட்டு மயங்க வேண்டாம். பல வருடம் கேட்டு மனப்பாடமான ஒரு பாட்டை உங்கள் போனிலேயே கொண்டு போங்கள். முதலில் பாடகரின் குரல் இயல்பாக இருக்கிறதா என்று பாருங்கள். கச்சேரியானால் மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எல்லாம் சேர்ந்து 'தொம் தொம்' என்று ஒரே முழக்கமாக இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். இரண்டை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைத்துக் கேட்பது முக்கியம். சத்தம் கூடுதலாக இருப்பது நன்றாக இருப்பதாகவே காதுக்குத் தோன்றும். கால் மணி நேரமாவது மாட்டியிருங்கள்.

கடைசியாகக் காதைப் பற்றி. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் ஓர் அளவு வகுத்துள்ளன. பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் வாரத்துக்கு 40 மணி நேரம்; குழந்தைகளுக்கு 75 டெசிபல். 3 டெசிபல் கூடினால் கேட்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணிதான். பேருந்தின் இரைச்சலை மறைக்க நாம் சத்தத்தைக் கூட்டுகிறோம்; அங்கேதான் காது கெடுகிறது. வெளிச் சத்தத்தைத் தடுக்கும் மூடிய வகையைப் பயணத்துக்குச் சொன்னதற்கு முக்கியக் காரணம் இதுதான். சத்தத்தால் போன செவித்திறன் திரும்பி வராது. வாடிக்கையாளர் மெல்லிய குரலில் "கால் கிலோ" என்பதும் "அரை கிலோ" என்பதும் தெரியாமல் நிற்கும் நிலை எந்த வணிகருக்கும் வரக்கூடாது. கல்லாவில் இருக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் ஹெட்போன் வேண்டவே வேண்டாம்.

இடத்துக்கு ஏற்ற வகை, போனுக்கு ஏற்ற ஓம், மாற்றக்கூடிய மெத்தையும் வயரும், முறையான பெட்டியும் பில்லும். இந்த நான்கையும் பார்த்து, தலையில் மாட்டிக் கேட்டு வாங்குங்கள். நம் கடைக்கு வருகிறவர் எப்படிப் பார்த்து வாங்க வேண்டுமென்று நாம் விரும்புகிறோமோ, அப்படியே நாமும் வாங்குவோம்.