முதற்பனியை நம்பலாமா?

கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் செல்லும் நம்மவர் உப்புக் குவியல்களைக் கண்டிருப்பர். வாரிய உப்புப் பரல்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை; ஏறி மிதித்தால் சரியும். கிறிஸ்மஸ் விடுமுறையில் காஷ்மீரத்துக் குல்மார்க்கிற்குப் பனிச்சறுக்கப் புறப்படும் இளைஞர்க்கு நாம் இதனையே நினைவூட்டுவோம்.

பருவத்தின் முதற்பனி மெல்லியது. மேகமற்ற கடுங்குளிர் இரவுகளில் அது உப்பைப்போன்ற பரலாக மாறிவிடக்கூடும். பின்னர்ப் பெய்யும் பனி அதன்மேல் பலகைபோல் இறுகிக் கிடக்கும். காவலர் கண்காணிக்கும் எல்லையைக் கடந்து, 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஒருவர் இறங்கினாலே அப்பலகை முழுதும் கழன்றுவிடலாம். கண்ணுக்கோ அது வெறும் வெள்ளை விரிப்பு!

புதையுண்டவரைப் 15 நிமிடத்திற்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். பின்னர் நம்பிக்கை விரைந்து குறைகிறது. கீழிருந்து உதவி வருமுன் அந்நேரம் கடந்துவிடும். ஆகவே, கூடச் செல்வோரே மீட்பர். இருப்பிடம் உணர்த்தும் வானொலிக் கருவி, நீண்ட துழாவுகோல், சிறு மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் வேண்டும். சரிவை ஒருவர்பின் ஒருவராகவே கடக்கவேண்டும்.

தாமும் மலையேறியவரான பாப்பரசர் 11-ம் பத்திநாதர், 1923-இல் அர்ச். பெர்நார்துவை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். அவரை வேண்டிக்கொள்வோம். மகனை வழியனுப்பும் பெற்றோர், கம்பளிச் சட்டையோடு நில்லாமல், உடன் செல்பவர் யார், அவரிடம் மண்வாரி உண்டா என்றும் கேட்கட்டும்.