வந்த விஷயம்

பேச்சு என்பது விஷயத்தைத் தெரிவிப்பதற்காக ஏற்பட்டது, தெரிவித்தவுடன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஒரு புது மதம் பரவியிருக்கிறது. படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இதில் சேர்ந்தாயிற்று. செஞ்சியில் ஓர் அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இந்த மதத்தின் பூஜாரி ஒருவரை நான் தரிசித்தேன்.

எனக்கு முன்னால் ஒரு கிழவி நின்றாள். "எங்க வூட்டுக்காரரு மாசி மாசம் பூட்டாருங்க..." என்று ஆரம்பித்தாள்.

"இந்தாம்மா, வந்த விஷயத்தைச் சொல்லு" என்றார் குமாஸ்தா.

அவள் மறுபடியும் மாசியிலிருந்துதான் ஆரம்பித்தாள். அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாளும் அதே கதை. (விஷயத்தை மட்டுமே சொன்ன என் காரியமும் மூன்று நாள் இழுத்தது, அதனால்தான் இவ்வளவும் தெரியும்.) மூன்றாம் நாள் வேறொருவர் அந்த நாற்காலியில் இருந்தார். அவளைப் பேசவிட்டார். கணவனுக்கு ஊரில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர் என்ற முடிச்சு அந்தப் புலம்பலுக்குள்ளேதான் இருந்தது. கேட்க ஐந்து நிமிஷம் பிடித்தது.

"அப்படியானால் வளவளப் பேச்சிலும் பிரயோஜனம் உண்டு" என்று எதிர்க்கட்சிக்காரர் இறங்கி வருவார். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம். பெயர் விவரம் கிடைக்காமற் போயிருந்தாலும் அவள் பேசியது நியாயமே என்பதுதான் என் கட்சி. புருஷன் செத்ததை அவள் தகவலாகவா சொன்னாள்? தன்னை ஒரு மனுஷியாகப் பார்க்கும்படி கேட்டாள்.

"சாப்பாடாச்சா?" என்று கேட்கிறோமே, வயிற்றின் நிலவரம் அறியவா? பசிபிக் தீவுவாசிகளோடு வாழ்ந்து பார்த்த மாலினோவ்ஸ்கி, மனிதரை மனிதரோடு சேர்த்துக் கட்டுவதற்கென்றே ஒரு பேச்சு உண்டு என்று 1923இல் எழுதினார். நம் பாட்டிமார்களுக்கு அது புத்தகம் இல்லாமலே தெரியும்.

செஞ்சிக் கோட்டையே எனக்குச் சாட்சி. 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு நடந்த சண்டையில் தேசிங்கு மாண்டான். விஷயம் அவ்வளவுதான், ஒரு வரியில் அடங்கும். ஆனால் கல்யாணத்தை விட்டு ஓடிவந்த அவனுடைய முஸ்லிம் தோழனையும், அவன் குதிரையையும் சேர்த்து ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கதைப்பாட்டாய்ப் பாடினார்கள். அவன் சாகப் போகிறான் என்பது கேட்க உட்கார்ந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்த செய்தியை எதற்கு இன்னொரு முறை கேட்டார்கள்? சேர்ந்து அழுவதற்காகத்தான்.

வரிசையில் இருபது பேர் நிற்கிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு இன்னொரு ஜன்னலைத் திறவுங்கள், இன்னொரு ஆளை உட்கார வையுங்கள். ஆள் பற்றாக்குறைக்குக் கிழவியின் நாக்கை வெட்டுவது பரிகாரமல்ல.

மாசி மாசம் அவள் வீட்டுக்காரர் போய்விட்டார். ஐயா, அதுதான் அவள் வந்த விஷயம். பத்திரம் அதற்கு அடுத்தது.