ஆயிரம் எபிசோடு வேண்டாம்... ஒரே படம் போதும்! வீக் எண்டுக்கு 6 சயின்ஸ் ஃபிக்‌ஷன் அனிமே

2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்' தமிழ் டப்பிங்கோடு தியேட்டருக்கு வந்தது. சீரிஸை முழுசாகப் பார்த்து முடித்த பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். துணைக்குப் போன அப்பா, அம்மாக்கள் பாடுதான் திண்டாட்டம். யார் யாரை வெட்டுகிறார்கள், எதற்கு அழுகிறார்கள் என்று ஒன்றும் பிடிபட்டிருக்காது. அவர்கள் மேல் தப்பில்லை. அந்தப் படம் ஒரு நீளமான கதையின் க்ளைமாக்ஸ். முன்கதை தெரியாமல் உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும்.

அனிமே என்றாலே பெரியவர்கள் ஒதுங்குவதற்கு முதல் காரணம் இதுதான். 'ஒன் பீஸ்' மட்டுமே 1,100 எபிசோடுகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது? இரண்டாவது காரணம், 'பொம்மைப் படம்தானே, சின்னப் பசங்க சமாச்சாரம்' என்ற நினைப்பு. முதல் காரணத்தால் நல்ல படங்கள் கைநழுவிப் போகும், அவ்வளவுதான். இரண்டாவது கொஞ்சம் விவகாரமானது. கார்ட்டூன்தானே என்று 7 வயதுப் பிள்ளை கையில் ரிமோட்டைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனால், திரும்பி வரும்போது டி.வி-யில் ரத்தம் தெறித்துக்கொண்டிருக்கலாம்.

இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்த வாரப் பட்டியல். ஆறுமே தனிப் படங்கள். முன்கதை தெரிய வேண்டாம், அடுத்த பாகத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். ஆறும் சயின்ஸ் ஃபிக்‌ஷன். ஒவ்வொன்றிலும் ஒரு கண்டுபிடிப்பு இருக்கும். ஆனால், அது எப்படி வேலை செய்கிறது என்பதில் படத்துக்குப் பெரிய அக்கறை இருக்காது. அது வந்த பிறகு அம்மா, பாட்டி, நண்பன், காதலி என்ற உறவுகள் என்ன ஆகின்றன என்பதுதான் கதை. ரோபோ, ராக்கெட் என்றாலே கொட்டாவி விடுபவர்களும் இவற்றை ரசிக்க முடிவது அதனால்தான்.

வரிசையும் ஒரு கணக்கோடுதான். குடும்பமாகப் பார்ப்பதில் தொடங்கி, பிள்ளைகள் தூங்கிய பிறகு பார்க்க வேண்டியதில் முடிகிறது.

1. சம்மர் வார்ஸ் (2009)

கணக்கில் புலியான கென்ஜி, பள்ளி மாணவன். சீனியர் மாணவி நட்சுகி ஒரு வேலை இருக்கிறது என்று அவனைத் தன் சொந்த ஊருக்கு அழைத்துப்போகிறாள். போன பிறகுதான் என்ன வேலை என்று தெரிகிறது. கொள்ளுப்பாட்டியின் 90-வது பிறந்தநாளுக்கு, அவளுடைய வருங்கால மாப்பிள்ளையாக அவன் நடிக்க வேண்டும். வீடு முழுக்கப் பெரியப்பா, சித்தி, மாமா, வாண்டுகள்... பொங்கலுக்கு ஊருக்குப் போன மாதிரியே இருக்கும்.

அந்த உலகத்தில் எல்லாமே 'ஓஸ்' என்ற ஆன்லைன் தளத்தில்தான் நடக்கிறது. கடை, ஆபீஸ், போக்குவரத்து சிக்னல், ஆம்புலன்ஸ் வரை. இரவில் போனுக்கு வந்த ஒரு கணக்குப் புதிரைக் கென்ஜி ஆர்வக்கோளாறில் விடுவிக்கிறான். விடிந்து பார்த்தால் ஓஸ் முழுக்க ஒரு ஏ.ஐ புரோகிராமின் பிடியில். பழி அவன் தலையில்.

ஊரே முடங்கிக் கிடக்கும்போது கொள்ளுப்பாட்டி சகாயே என்ன செய்கிறார் தெரியுமா? டயல் சுற்றும் பழைய கறுப்பு போனை எடுக்கிறார். கையெழுத்து டைரிகளைப் புரட்டுகிறார். தெரிந்த அதிகாரிகள், சொந்தக்காரர்கள் என ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தைரியம் சொல்கிறார், அதட்டுகிறார், வேலையைப் பார் என்கிறார். இயக்குநர் மமோரு ஹொசோடாவின் இந்தப் படத்தில் நிஜமான நெட்வொர்க் எது என்று அந்த ஒரு காட்சி சொல்லிவிடும்.

*யார் பார்க்கலாம்: 10 வயதுக்கு மேல் எல்லோரும். வீட்டில் பாட்டி இருந்தால் கட்டாயம் பக்கத்தில் உட்கார வையுங்கள்.*

2. தி கேர்ள் ஹூ லெப்ட் த்ரூ டைம் (2006)

டைம் டிராவல் சக்தி கிடைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பள்ளி மாணவி மகோட்டோ செய்வது இதுதான்: தங்கை தின்றுவிட்ட புட்டிங்கை மீட்கிறாள், திடீர் டெஸ்ட்டில் மார்க் வாங்குகிறாள், கரோக்கியில் காசு கொடுத்த நேரம் முடிய முடியப் பின்னால் போய் மறுபடி மறுபடி பாடுகிறாள். 17 வயதில் யார் உலகத்தைக் காப்பாற்றப் போவார்கள்?

நெருங்கிய நண்பன் காதலைச் சொல்ல வரும்போதும் அதே தந்திரம்தான். பதில் சொல்லப் பயந்து, அவன் அந்தப் பேச்சையே எடுக்காதபடி நேரத்தை மாற்றிக்கொண்டே போகிறாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறைக்கிறது... அவள் தப்பித்த ஒவ்வொரு சங்கடமும் வேறு யார் தலையிலோ விழுந்திருக்கிறது. சக்தியும் அளவோடுதான் இருக்கிறது. எத்தனை முறை மிச்சம் என்பதைக் கையில் தெரியும் எண் காட்டுகிறது. பிரேக் பிடிக்காத சைக்கிளும், சரிவான சாலையும், ரயில்வே கேட்டும் வரும் காட்சிகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

இதுவும் ஹொசோடா படம்தான். ஜப்பான் அகாடமி விருதுகளில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான பிரிவு தொடங்கப்பட்டபோது, முதல் விருதை வாங்கியது இதுதான்.

*யார் பார்க்கலாம்: 12 வயதுக்கு மேல். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளோடு பார்க்க ஏற்ற படம்.*

3. வாய்சஸ் ஆஃப் எ டிஸ்டன்ட் ஸ்டார் (2002)

நேரமே இல்லை என்பவர்களுக்கு இது. மொத்தமே 25 நிமிடம்தான்.

'யுவர் நேம்', 'சுசுமே' எடுத்த மகோட்டோ ஷின்காயை இன்று உலகத்துக்கே தெரியும். அவருடைய 'வெதரிங் வித் யூ' இந்தியத் தியேட்டர்களுக்கு வர வேண்டும் என்று 50,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் ஆன்லைனில் மனு போட்டார்கள். 2019 அக்டோபரில் படம் இங்கே ரிலீஸும் ஆனது. அதே ஷின்காய், ஆரம்பத்தில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் வேலை பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு, வீட்டில் இருந்த கம்ப்யூட்டரில் கிட்டத்தட்டத் தனி ஆளாக இந்தப் படத்தை உருவாக்கினார். முதல் பதிப்பில் கதாநாயகன் குரலும் அவருடையதே.

கதை எளிமையானது. ஒரே வகுப்பில் படிக்கும் இருவர். மிகாகோ விண்வெளிப் படைக்குத் தேர்வாகிப் போகிறாள். நொபொரு பூமியிலேயே இருக்கிறான். இருவருக்கும் நடுவில் இருப்பது மொபைல் மெசேஜ் மட்டும். கப்பல் தள்ளிப் போகப் போக, மெசேஜ் வந்து சேரும் நேரம் நீள்கிறது. மாதங்கள், பிறகு ஒரு வருடம்... அப்புறம் அவள் சிரியஸ் நட்சத்திரத்துக்கே போய்விடுகிறாள்.

இங்கேதான் அறிவியல் மனசைப் பிசைகிறது. சிரியஸ் பூமியிலிருந்து சுமார் 8.6 ஒளியாண்டு தூரம். ஒளியை விட வேகமாக எந்த மெசேஜும் போக முடியாது. 15 வயது மிகாகோ அனுப்பியது கையில் கிடைக்கும்போது, நொபொருவுக்கு 24 வயதாகியிருக்கும். 'ப்ளூ டிக் விழுந்து பத்து நிமிஷமாச்சு, ஏன் பதில் இல்லை?' என்று சண்டை போடும் தலைமுறை, பார்த்து முடித்ததும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிடும்.

*யார் பார்க்கலாம்: 12 வயதுக்கு மேல். போர்க் காட்சிகள் உண்டு, ஆனால் சிறியவை.*

*(இனி வரும் மூன்றும் பெரியவர்களுக்கு மட்டும். வாண்டுகளைத் தூங்க வைத்துவிட்டு வாருங்கள்.)*

4. பாப்ரிகா (2006)

ஜப்பானிய எழுத்தாளர் யசுதகா சுட்சுயியின் இரண்டு கதைகள், 2006-ம் ஆண்டில், ஒரே ஸ்டூடியோவிலிருந்து இரண்டு படங்களாக வந்தன. ஒன்று, மேலே சொன்ன டைம் டிராவல் கதை. சுட்சுயியின் நாவலுக்குத் தொடர்ச்சி போல எடுக்கப்பட்டது. இன்னொன்று இந்தப் படம். இரண்டையும் தயாரித்தது மேட்ஹவுஸ் ஸ்டூடியோ.

அடுத்தவர் கனவுக்குள் நுழைந்து மனநோய்க்குச் சிகிச்சை தர உதவும் கருவி, 'டிசி மினி'. அது திருடுபோகிறது. யார் கனவுக்குள்ளும் யாரும் நுழையலாம் என்றாகிவிட, விழித்திருப்பவர்களும் உளறத் தொடங்குகிறார்கள். ஃப்ரிட்ஜ், பொம்மை, தவளை எல்லாம் வரிசைகட்டி ஊர்வலம் போகும் அந்தக் கனவைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். டாக்டர் அட்சுகோ பகலில் கறாரான விஞ்ஞானி. கனவுக்குள் போனால் துறுதுறுவென்ற பாப்ரிகா. இரண்டு பேரில் நிஜமானவள் யார் என்பதுதான் உள்ளே ஓடும் கேள்வி. நான்கு வருடம் கழித்து வந்த 'இன்செப்ஷன்' படத்தோடு இதை ஒப்பிடாத ரசிகர்கள் குறைவு.

இயக்குநர் சடோஷி கோன் முடித்த கடைசிப் படம் இது. முழுநீளப் படங்கள் மொத்தம் நான்குதான் எடுத்தார். 2010 ஆகஸ்ட்டில், கணையப் புற்றுநோயால், 46 வயதில் இறந்துபோனார். அப்போது செய்துகொண்டிருந்த அடுத்த படம் பாதியில் நின்றது. கனவை இப்படி வரைய இன்னொருவர் வரவில்லை.

*யார் பார்க்கலாம்: 18+. பாலியல் வன்முறையைக் குறிக்கும் ஒரு காட்சி இருக்கிறது.*

5. கோஸ்ட் இன் தி ஷெல் (1995)

காலம் 2029. மேஜர் மோட்டோகோ குசனாகி ஒரு போலீஸ் அதிகாரி. மூளையைத் தவிர உடம்பு முழுக்கச் செயற்கை. மூளையும் நெட்வொர்க்கில் இணைந்திருப்பதால், அதையும் ஹேக் செய்யலாம்.

படத்தில் ஒரு குப்பை லாரித் தொழிலாளி வருவார். மனைவியோடு பிரச்னை, மகளைப் பார்க்க முடியவில்லை என்று புலம்புவார். விசாரணையில் உண்மை தெரியும்: அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. மனைவி, மகள் என்ற நினைவெல்லாம் யாரோ அவர் மூளைக்குள் ஏற்றியது. மகளின் போட்டோ என்று அவர் காட்டி வந்த படத்தில் மகளே கிடையாது. அழித்துவிட முடியுமா என்று அவர் கேட்கும்போது, முழுசாக முடியாது என்பதுதான் பதில். துப்பாக்கிச் சண்டைகளை எல்லாம் விட இந்தச் சில நிமிடங்கள்தான் பயமுறுத்தும். குசனாகிக்கும் அதே கவலைதான். என் நினைவுகள் என்னுடையவைதானா? உடம்பும் என்னுடையது இல்லை என்றால், நான் யார்?

ஹாங்காங்கைப் பார்த்து வரைந்த நகரத்தின் மேல் மழை பெய்யும். சில நிமிடங்களுக்கு வசனமே இருக்காது, கென்ஜி கவாயின் இசை மட்டும்தான். இந்தப் படத்தைத் தயாரிப்பாளருக்குப் போட்டுக் காட்டித்தான், 'தி மேட்ரிக்ஸ்' எப்படி இருக்கும் என்று வச்சௌஸ்கிகள் விளக்கினார்கள். இயக்கம் மமோரு ஓஷி.

*யார் பார்க்கலாம்: 18+. நிர்வாணம், வன்முறை உண்டு. தேடும்போது 1995 என்று சேர்த்துத் தேடுங்கள். 2017-ல் வந்த ஹாலிவுட் படத்துக்கும் இதே பெயர்தான்.*

6. அகிரா (1988)

படம் 1988 ஜூலை 16-ல் தொடங்குகிறது. டோக்கியோவின் மேல் ஒரு வெள்ளை வெளிச்சம் சத்தமே இல்லாமல் விரிந்து நகரத்தை விழுங்குகிறது. ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் பார்த்த நாட்டில் இந்தக் காட்சி வெறும் கற்பனையாக இருக்க முடியாது.

31 வருடம் கழித்து, 2019. புதிதாக எழும்பிய நியோ டோக்கியோ. தெருவில் போராட்டம், சந்துகளில் பைக் கும்பல்கள், இன்னொரு பக்கம் 2020 ஒலிம்பிக்ஸுக்கு ஸ்டேடியம் கட்டும் வேலை. நிஜத்திலும் 2020 ஒலிம்பிக்ஸ் டோக்கியோவுக்கே கிடைத்தது என்பது தனி ஆச்சர்யம்.

கனேடாவும் டெட்சுவோவும் சின்ன வயதிலிருந்தே நண்பர்கள். கனேடா கும்பலின் தலைவன், டெட்சுவோ எப்போதும் அவன் காப்பாற்ற வேண்டிய ஆள். ராணுவம் செய்யும் ஒரு ரகசிய ஆராய்ச்சியால் அந்த டெட்சுவோவுக்கு அளவில்லாத சக்தி வருகிறது. அதை வைத்து அவன் முதலில் தீர்க்க நினைப்பது இத்தனை வருடத் தாழ்வு மனப்பான்மையைத்தான். அணுகுண்டு, ராணுவம், அரசியல் என்று படம் எவ்வளவு விரிந்தாலும், நடுவில் இருப்பது இரண்டு பையன்களின் ஈகோ.

இயக்குநர் கட்சுஹிரோ ஒட்டோமோ தானே வரைந்த மங்காவைத்தான் படமாக்கினார். மங்கா 1990 வரை ஓடியது. அது முடிவதற்கு முன்பே படம் வந்துவிட்டது. எல்லாம் கையால் வரைந்த காலம் அது. கனேடாவின் சிவப்பு பைக் திரையைக் கடக்கும்போது பின்னால் நீளும் அந்த விளக்கொளியையும் ஒவ்வொரு ஃப்ரேமாக வரைந்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

*யார் பார்க்கலாம்: 18+. ரத்தம், கோரம் அதிகம். சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வேண்டாம்.*

பார்ப்பதற்கு முன்...

* ஓடிடி உரிமைகள் அடிக்கடி கைமாறும். படத்தின் பெயரோடு வருடத்தையும் சேர்த்துத் தேடுங்கள்.

* சப்டைட்டில் வேகத்துக்குப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், இங்கிலீஷ் டப்பிங்கில் போட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு ஜப்பானிய ஒலியே பெஸ்ட்.

* ஷின்காயின் 25 நிமிடப் படம் மொபைலில் பார்க்கவே பொருத்தமானது. அகிராவும் கோஸ்ட் இன் தி ஷெல்லும் பெரிய திரை கேட்பவை. டி.வி இருந்தால் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

* ஒரே நாளில் ஆறையும் முடிக்க வேண்டாம். ஒரு படம், அதன் பிறகு கொஞ்சம் பேச்சு. 'சம்மர் வார்ஸ்' முடிந்ததும் யாராவது எழுந்து போய் ஊரில் இருக்கும் பாட்டிக்கு ஒரு போன் போட்டால், அன்றைய இரவுக்கு அது போதும்.