ஒழுகும் கூரைக்கு ஒரு வாரம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பது பழமொழி. கட்டிய வீட்டைக் காப்பாற்றிப் பார் என்றும் அதோடு சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கிராமத்து ஏழைக் குடும்பத்துக்கு அதுவே பெரும்பாடு.

நாலு ஓடு உடைந்தால் மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் அன்றாடக் கூலியில் அரிசிக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் போக மிஞ்சினால்தானே ஓடு வாங்க முடியும்? இந்த மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு ஒப்பேற்றுவார்கள். அடுத்த மழையில் கூரைச் சட்டம் உளுத்துப் போகும். அதற்கடுத்த மழையில் மண் சுவர் ஊறிச் சாயும். வண்டு விழுந்த மூட்டையை உடனே பிரித்து எடுத்தால் ஒரு மூட்டை நட்டம். பார்க்காமல் விட்டால் கிடங்கே நட்டம். நமக்குத் தெரியாத கணக்கா இது?

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு, மராமத்து வேலையையே தொண்டாக எடுத்துக்கொண்ட ஒரு கிறிஸ்தவக் குழு அமெரிக்காவில் இருக்கிறது. 'அப்பலாச்சியா சர்வீஸ் ப்ராஜெக்ட்' என்பது அதன் பெயர். அமெரிக்காவில் கூடவா ஒழுகும் வீடு என்று கேட்கலாம். அப்பலாச்சியா என்பது 13 மாநிலங்களைத் தொட்டுச் செல்லும் மலைப்பகுதி. நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர்கள் அங்கே ஏராளம். சுரங்கத்தில் ஆள் தேவை குறையக் குறைய, ஊரில் காசு வற்றியது. சொந்த வீடு இருக்கும், ஆனால் பழுது பார்க்கப் பணம் இருக்காது. இதுதான் அங்குள்ள பல குடும்பங்களின் நிலை.

1969-ஆம் ஆண்டு டெக்ஸ் எவன்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர், கென்டக்கி மாநிலத்தின் பார்பர்வில் என்ற ஊருக்கு 50 தொண்டர்களை அழைத்துச் சென்றார். அந்தக் கோடையில் அவர்கள் பழுது பார்த்தவை 4 வீடுகள். அந்தச் சிறிய தொடக்கம் இன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் திரளும் இயக்கமாகியிருக்கிறது. பள்ளி மாணவர்களும் பெரியவர்களும் சிறு சிறு குழுக்களாக வந்து ஒரு வாரம் தங்குகிறார்கள். கூரை மாற்றுகிறார்கள், தரைப் பலகையைச் சரி செய்கிறார்கள், நடக்க முடியாத முதியவருக்குப் படிக்குப் பதிலாகச் சாய்தளம் அமைக்கிறார்கள். வீடு கதகதப்பாக, பாதுகாப்பாக, ஈரமின்றி இருக்க வேண்டும். அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு அவ்வளவுதான்.

வியாபாரியின் கண்ணுக்கு இதில் இரண்டு செய்திகள் படுகின்றன. ஒன்று, தொண்டர் சம்பளம் வாங்குவதில்லை. தாமே கட்டணம் செலுத்தி வருகிறார். வீட்டுக்காரரிடம் காசு வாங்குவதும் இல்லை. இரண்டு, ஒரு வாரத்தில் முடியாத வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போவதில்லை. இந்த வாரக் குழு விட்ட இடத்திலிருந்து அடுத்த வாரக் குழு தொடங்குகிறது. பேரேட்டில் முன்பக்க இருப்பை அடுத்த பக்கத்துக்குக் கொண்டு போவது போலத்தான்.

கடை வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் ஒத்துவருமா என்று எண்ண வேண்டாம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டர், அரசியலுக்கு முன் நிலக்கடலைக் கிடங்கு நடத்திய வியாபாரி. பதவி போன பின், 1984 முதல், வீடு கட்டித் தரும் 'ஹேபிடட்' என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பில் ஆண்டுக்கு ஒரு வாரம் சுத்தியல் பிடித்தார். 2019-இல், 95 வயதில், கீழே விழுந்து நெற்றியில் தையல் போட்ட அன்றே வீடு கட்டும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். 2024 டிசம்பரில் அவர் மறைந்தார்.

நம் நாட்டில் சர்ச் குழு வந்து வீட்டைப் பழுது பார்த்தால், மதம் மாற்ற வந்தார்களோ என்ற பேச்சு எழும். உதவி பெறுபவர் என்ன சாமி கும்பிடுகிறார் என்று கேட்காமல் செய்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. கோயில் கமிட்டி செய்தாலும், ஜமாத் செய்தாலும், சங்கம் செய்தாலும் விதி ஒன்றே.

இன்னொரு கேள்வி இதைவிட நியாயமானது. வேலை தெரியாத நாம் போய்ச் சுவர் பூசினால் உள்ளூர்க் கொத்தனாரின் கூலி கெடாதா? கெடும். ஆகவே அமெரிக்க முறையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் முழுக் கூலி கொடுத்து வேலைக்கு வைக்க வேண்டும். நமக்குத் தெரிந்த வேலையை நாம் செய்வோம். அளவெடுத்துப் பட்டியல் போடுவது, சிமெண்டு, கம்பி, ஓடு ஆகியவற்றை அடக்க விலைக்குப் பிடிப்பது, லாரி ஏற்பாடு செய்வது, கணக்கை ஒழுங்காக வைப்பது. தமிழக அரசு 2024-இல் பழைய அரசுத் திட்ட வீடுகளைப் பழுது பார்க்கத் திட்டம் அறிவித்தது. தகுதியுள்ள குடும்பத்துக்கு மனு எழுதிக் கொடுப்பதும் தொண்டுதான்.

யாருக்கு உதவி தேவை என்று ஊரிலேயே நன்றாக அறிந்தவர் மளிகைக்கடைக்காரர். கடன் நோட்டு சொல்லிவிடும். ஆனால் அந்த நோட்டு சொன்னதை மேடையில் சொல்லக் கூடாது. பழைய பாக்கியை மனதில் வைத்தும் செய்யக் கூடாது. டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதும் பழக்கம் நமக்கு உண்டு. ஒருவர் குடியிருக்கும் வீட்டின் நெற்றியில் நம் பெயரை எழுதினால், அவர் சாகும்வரை அதன் கீழேதான் குனிந்து நுழைய வேண்டும்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அரிசியும் போர்வையும் லாரி லாரியாகப் போயின. வணிகர்கள் கொடுத்ததில் குறைவில்லை. அரிசி சில வாரத்தில் தீர்ந்துவிடும். தார்ப்பாய்க்கு அடியில் இருப்பவர் அடுத்த மழையையும் அங்கேயே பார்க்க வேண்டும். புயலுக்குப் பின் ஓடுவதைவிட, மழைக்கு முன் போவது செலவும் குறைவு, புண்ணியமும் அதிகம்.

ஆடி மாதம் கல்யாணச் சரக்கு ஓடாத மாதம். ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கும். ஒவ்வொரு கிளைச் சங்கமும் ஆடியில் ஒரு வாரம் ஒதுக்கி, தன் பகுதியில் 4 வீடுகளை எடுத்துக்கொள்ளட்டும். மே 5 வணிகர் தின பேனர் செலவில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பினாலே முதல் ஆண்டுக்கு வழி பிறக்கும். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாக வையுங்கள்.