ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் கல்லீரல் நலன் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஏலத்தோட்டத் தொழிலாளர் சங்கத்தினர், போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தேனி.

நகல்: மாவட்ட சுகாதார அலுவலர், தேனி, முதல்வர், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, க.விலக்கு.

பொருள்: ஏலத்தோட்டத் தொழிலாளர்களுக்கும் மலைக்கிராம மக்களுக்கும் கல்லீரல் அழற்சிப் பரிசோதனை, தடுப்பூசி, குடிநீர்ப் பாதுகாப்பு கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் எங்கள் மக்கள் விடியற்காலையில் ஜீப் ஏறி, முந்தல், போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு திறந்திருக்கும் நேரம் முழுக்க அவர்கள் மலைமேல் ஏலச்செடிக்குள் இருக்கிறார்கள். ஒருநாள் மருத்துவமனைக்குப் போனால் ஒருநாள் கூலி போயிற்று. ஆகவே கண் மஞ்சளாகும்வரை யாரும் போவதில்லை. இந்த மனுவின் அடிப்படைக் குறை இதுதான்.

கண் மஞ்சளானால் காமாலை என்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வைத்துவிடுகிறோம். அதற்குள் பல நோய்கள் இருக்கின்றன. கல்லீரல் அழற்சி தரும் வைரஸ்களில் ஏ, இ வகைகள் மலம் கலந்த தண்ணீராலும் உணவாலும் வருகின்றன. பெரும்பாலும் சில வாரங்களில் குணமாகும். ஆனால் நிறைமாதக் கர்ப்பிணியை இ வகை தாக்கினால் உயிருக்கே ஆபத்து. காய் எடுப்பில் பெண்களே மிகுதி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். பி, சி வகைகள் ரத்தம், சுத்தம் செய்யாத ஊசி, உடலுறவு வழியாகவும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகின்றன. அவை பல ஆண்டுகள் வலியில்லாமல் உள்ளேயே இருந்து, கல்லீரல் சுருங்கிய பிறகோ புற்றுநோயான பிறகோதான் வெளியே தெரிகின்றன. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் பி வகையுடன் சுமார் 2.98 கோடிப் பேரும் சி வகையுடன் சுமார் 55 லட்சம் பேரும் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். அதை நாங்கள் இழிவாகப் பேசவில்லை. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்து, 1988இல் லான்செட் இதழில் நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டார்கள். பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. ஏ வகையாக இருந்தால் நோய் தானாக ஆறியிருக்கும். பேர் பச்சிலைக்குப் போகும். பி வகையாக இருந்தால் மஞ்சள் வடிந்த பிறகும் வைரஸ் உள்ளேயே தங்கிவிடக்கூடும். இந்த வேறுபாட்டைச் சொல்ல ரத்தப் பரிசோதனை ஒன்றால்தான் முடியும்.

சி வகையைப் பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையிலேயே முழுவதும் குணப்படுத்தலாம். பி வகையை மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம். கல்லீரல் அழற்சிக்காக 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மருந்து இருந்தும் எங்கள் ஆட்களின் கைக்கு அது வந்து சேராததுதான் வேதனை.

எனவே போடி அரசு மருத்துவமனையில் ஞாயிறு காலையும், வாரத்தில் இரண்டு நாள் மாலையும் பி, சி பரிசோதனை நடத்தப்பட வேண்டும். ஜீப் புறப்படும் இடங்களிலேயே விடியற்காலை முகாம் நடத்தினால் இன்னும் நல்லது. பாதிப்பு கண்டவர்களுக்கு மருந்தும் தொடர் பரிசோதனையும் போடியிலேயே கிடைக்க வேண்டும், க.விலக்குக்கு மாதந்தோறும் போய்வரக் கூலியாட்களால் முடியாது. பெயர்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். நோய் தெரிந்ததும் தோட்டத்தில் வேலை மறுக்கப்படும் என்ற அச்சம் எங்களிடையே உண்டு.

பிறந்தபோதே பி வைரஸ் தொற்றும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாட்பட்ட நோயாகிறது. குரங்கணி, அகமலை போன்ற மலைக்கிராமங்களில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போய்ச் சேர வழி செய்ய வேண்டும். இந்தத் தடுப்பூசி நாடு முழுக்க விரிவானது 2011இல்தான். இன்று தோட்ட வேலை செய்வோரில் பெரும்பாலோர் அதற்கு முன்பே பிறந்தவர்கள். ரத்தத்தில் பாதிப்பு இல்லாத பெரியவர்களுக்கும் அதைப் போடக் கோருகிறோம்.

தண்ணீர் விஷயம் இரண்டு மாநிலங்களுக்கு இடையே மாட்டிக்கொள்கிறது. நாங்கள் வசிப்பது தேனியில். பகலெல்லாம் குடிப்பது இடுக்கித் தோட்டத்து ஓடைத் தண்ணீர். கழிப்பறை இல்லாத தோட்டத்தில் ஓடைக்கரையே ஒதுங்குமிடம். பக்கத்து எர்ணாகுளம் மாவட்டத்து வேங்ஙூரில் 2024இல் குடிநீர் வழியே ஏ வகை பரவி 200 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டதை அதிகாரிகள் அறிவார்கள். கொதிக்கவைத்த தண்ணீரும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் தோட்டங்களில் கட்டாயமாவதற்கு, இடுக்கி ஆட்சியருடன் தாங்கள் கூட்டுக் கூட்டம் நடத்த வேண்டும்.

குடியாலும் கல்லீரல் கெடுகிறது. வைரஸும் குடியும் சேர்ந்தால் அழிவு விரைவு. குடியை விட விரும்புவோருக்கு அதே முகாமில் ஆலோசனை தர வேண்டும். தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கும் ஆட்களுக்குக் கையுறை, முகக்கவசத்துடன் ஆண்டுக்கொருமுறை கல்லீரல் பரிசோதனையும் வேண்டும்.

வரும் ஜூலை 28, உலகக் கல்லீரல் அழற்சி நாளன்று, முதல் முகாமைப் போடியில் தொடங்க ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகளும் உறுப்பினர்களும்,
போடிநாயக்கனூர்.